பழைய ஆங்கிலச் சொற்களும் நம் வீட்டுப் பத்திரங்களும்

தீவுக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், துணிமணிகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி பத்திரமாக வைக்கப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவர். பாட்டனார் பெற்ற வேலைச் சான்று, நிலத்திற்கோ மனைக்கோ கிடைத்த ஆணை, கூலிப் பட்டியலின் நகல், கப்பற் சீட்டு என்று பலவகைத் தாள்கள் அதனுள் மடிந்து கிடக்கும். அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நம் பிள்ளைகள் இன்று ஆங்கிலப் பள்ளியிற் படிக்கின்றனர். சரளமாகப் பேசவும் செய்கின்றனர். எனினும் அத்தாள்களை அவர்கள் கையிற் கொடுத்தால் திகைத்து நிற்கின்றனர். எழுத்துப் புரிகிறது; சொல்லும் அறிந்த சொல்லாகவே தோன்றுகிறது; பொருள் மட்டும் பொருந்துவதில்லை.

இதற்குக் காரணம் பிள்ளைகளின் படிப்புக் குறைவன்று. தாளில் உள்ள சொல் பழைய பொருளிலே நிற்கிறது. பிள்ளைகள் கற்றதோ புதிய பொருள். சொல்லுக்கும் மனிதனைப்போலவே இளமையும் முதுமையும் உண்டு. ஊர் மாறினால் உத்தியோகமும் மாறுவதுண்டு. நம் தமிழிலேயே இதற்குச் சான்றுகள் உள. 'நாற்றம்' என்பது பண்டு நறுமணத்தையும் குறித்தது. இன்று அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மூக்கைப் பொத்துகிறோம். 'கிழவன்' என்பது உரிமையுடைய தலைவனைக் குறித்த சொல். இன்று வயது முதிர்ந்தவரைக் குறிக்கிறது, அதுவும் மரியாதையின்றி. 'கோயில்' என்பது முன்பு அரசனுடைய இல்லத்தையும் குறித்தது. பழைய நூலைப் படிப்பவர் இன்றைய பொருளை வைத்துக்கொண்டு படித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆங்கிலமும் இவ்வாறே. 'நைஸ்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் அறிவிலி என்று பொருள். இன்று அது பாராட்டு. 'சில்லி' என்பது ஒரு காலத்தில் அருள் பெற்றவனைக் குறித்தது. இன்று அது பரிகாசம். 'கிளார்க்' என்னும் என் உத்தியோகப் பெயரே முதலிற் பாதிரியாரைக் குறித்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் சமயத் துறையினராகவே இருந்தமையால், எழுத்து வேலை செய்பவர் யாவர்க்கும் அப்பெயர் வந்து சேர்ந்தது. நாம் வழங்கும் 'குமாஸ்தா' என்பதோ பாரசீகம். நியமிக்கப்பட்ட முகவர் என்பது அதன் பொருள். ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒருவனுக்கே இத்தனை தேசத்துப் பெயர்கள்!

ஆதலின், இத்தீவில் நாம் நாள்தோறும் கேட்கின்ற, அல்லது நம் பத்திரங்களிற் காண்கின்ற சில பழைய ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் முற்காலப் பொருளை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனாற் பயன் என்ன என்று கேட்போர் இருக்கலாம். பயன் உண்டென்பதைக் கட்டுரையின் நடுவிற் காண்பர்.

லைன்

நம் பகுதியின் பெயரிலிருந்தே தொடங்குவோம். லம்பா லைன் என்பதில் 'லம்பா' இந்துஸ்தானிச் சொல். நீளமான என்பது பொருள். 'லைன்' ஆங்கிலம். அதற்குக் கோடு என்று பிள்ளைகள் உடனே விடை கூறுவர். அது சரியே, ஆனால் அது மட்டும் அன்று. இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியில் ஆளிச் செடியின் பெயர். அச்செடியின் நாரில் திரித்த நூல் முதலில் இப்பெயர் பெற்றது. நூலைப் பிடித்து நேர்பார்க்கும் வழக்கத்தால் நேர்கோட்டுக்கும், அதனால் வரிசைக்கும் அப்பெயர் சென்றது. பட்டாளத்தார் கூடாரங்களையும் குடிசைகளையும் வரிசையாக அமைத்தமையால், அக்குடியிருப்பு வரிசைகளே 'லைன்ஸ்' எனப்பட்டன. இந்தியாவிற் பல ஊர்களில் போலீஸ் லைன், சிவில் லைன் என்னும் பெயர்கள் இன்றும் வழங்குவதைக் காணலாம்.

இதே சொல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றது. அங்கே தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளை நம்மவர் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் வழங்கினர். 1964-ஆம் ஆண்டு ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாகத் தாயகம் திரும்பியவருள் ஒரு பகுதியினர் நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டனர். லயத்தில் வாழ்ந்த அக்குடும்பத்தவர் போர்ட் பிளேயர் வந்து லம்பா லைன் என்ற பெயரைக் கேட்டால், அவர்களுக்கு அது அயற்சொல்லாகத் தோன்றாது. ஆளிச் செடியின் நாரிற் பிறந்த ஒரு சொல், பட்டாளத்திலும் தேயிலை மலையிலும் குடியிருந்து, ரயில் பாதைக்கும் பெயராகி, இன்று நம் விமான நிலையத்து 'ஏர்லைன்' வரை வந்துவிட்டது.

தண்டனைக் காலத்துச் சொற்கள்

இத்தீவின் சரித்திரத்தில் மிகப் பெரிய சொல் 'ட்ரான்ஸ்போர்ட்டேஷன்'. ரயில்வே அலுவலகத்தில் இச்சொல்லுக்குச் சரக்கையும் பயணிகளையும் கொண்டுசெல்லும் பணி என்பதே பொருள். ஆனால் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது ஒரு தண்டனையின் பெயர். குற்றவாளியைக் கடல் கடத்தி அயலிடத்தில் வைப்பதென்பது அதன் கருத்து. நம் முன்னோர் இதனைத் 'தீவாந்தர சிட்சை' என்று மொழிந்தனர். வேறு தீவுக்கு அனுப்பும் தண்டனை என்று நேரே பொருள்படும் சொல். 1908-ஆம் ஆண்டு கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களுக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் விதித்ததும் இத்தண்டனையே. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் அந்தமானுக்கு அனுப்பப்படாமல் கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் வைக்கப்பட்டார். 1955-ஆம் ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டத்தால், 1956 ஜனவரி முதல் இச்சொல் நீக்கப்பட்டு, 'ஆயுட்கால ட்ரான்ஸ்போர்ட்டேஷன்' என்றிருந்த இடங்களில் 'ஆயுட்காலச் சிறை' என்பது இடம் பெற்றது. 2024 ஜூலை முதல் அந்தத் தண்டனைச் சட்டமே மாறிப் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே இன்று பழைய தீர்ப்பொன்றில் இச்சொல்லைக் காணும் மாணவன், பாட்டனாரைப் பேருந்திலோ லாரியிலோ ஏற்றி அனுப்பினார்கள் என்று எண்ணினால் அவன்மேற் குறை கூறுவதற்கில்லை.

1858 மார்ச் 10-ஆம் நாள் டாக்டர் ஜே. பி. வாக்கர் என்பவர் 200 தண்டனையாளர்களுடன் இத்துறைமுகத்தில் வந்திறங்கினார். அன்று தொடங்கிய குடியேற்றம் 'பீனல் செட்டில்மெண்ட்' எனப்பட்டது. 'பீனல்' என்பது தண்டனை பற்றியது. 'செட்டில்மெண்ட்' என்பது அமர்தல், அமர்த்துதல். கணக்குத் தீர்ப்பதற்கு வழங்கும் 'செட்டில்மெண்ட்' என்பதும் இச்சொல்லே. அங்கே வழக்கு அமர்கிறது, இங்கே மக்கள் அமர்கின்றனர்.

அக்காலத் தண்டனையாளர் கழுத்தில் மரத்துண்டு ஒன்று தொங்கும். அவருடைய எண்ணும், தண்டனை பெற்ற நாள் முதலிய குறிப்புகளும் அதில் இருக்கும். அதன் பெயர் 'டிக்கெட்'. ரயில் சீட்டுக்கு நாம் வழங்கும் அதே சொல்தான். பழைய பிரெஞ்சு மொழியில் இது ஒட்டிவைக்கும் அடையாளச் சீட்டைக் குறித்தது. நன்னடத்தையைக் குறிக்கும் 'எட்டிக்கெட்' என்பதும் அதே மூலத்திற் பிறந்த உடன்பிறப்பு.

பல ஆண்டுகள் ஒழுங்காகக் கழித்தவர்களுக்கு 'டிக்கெட் ஆஃப் லீவ்' வழங்கினர். இதனை 'விடுமுறைச் சீட்டு' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். இங்கே 'லீவ்' என்பதற்கு அனுமதி என்பதே பொருள். அதுவே அச்சொல்லின் பழம்பொருள். இன்றும் நாம் அலுவலகத்திற்கு எழுதும் 'லீவ் லெட்டர்' உண்மையில் அனுமதி வேண்டும் கடிதமே. வாராமலிருக்க மேலதிகாரியின் இசைவைக் கேட்கிறோம். அவ்விசைவின் பெயரே நாளடைவில் வாராத நாளின் பெயராயிற்று. இச்சீட்டுப் பெற்றவர் 'செல்ஃப் சப்போர்ட்டர்', அதாவது தம் உழைப்பால் தாமே பிழைத்துக்கொள்பவர், எனப் பெயர் பெற்றுச் சிறைக்கு வெளியே பயிர்த்தொழிலும் பிறவும் செய்தனர். இங்கேயே மணந்து பிறந்த மக்களின் வழியினரே 'லோக்கல் பார்ன்' என்ற பெயரால் அறியப்படுகின்றனர்.

தண்டனையாளருள்ளிருந்தே மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுத்தனர். அவருட் சிலர்க்குப் 'பெட்டி ஆபீசர்' என்று பெயர். இங்கே பெட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'பெட்டி' என்பது சிறிய என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. அவர்க்கு மேற்பட்டவர் 'டிண்டால்' எனப்பட்டார். இது ஆங்கிலம் போலத் தோன்றினும் நம் கடற்கரைச் சொல்லே. தோணியின் தலைவரைத் தமிழர் தண்டல் என்றும் தண்டையல் என்றும் அழைத்து வந்தனர். மலையாளத்திலும் தெலுங்கிலும் இச்சொல் உண்டு. மரக்கலத்தை நடத்திய தலைவனின் பெயர், ஆங்கிலேயர் வாயில் திரிந்து, சிறைச்சாலையில் கைதிகளை மேய்ப்பவன் பெயராயிற்று!

1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலர் சிறையின் பெயரையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'செல்' என்பது இலத்தீனில் சிறிய அறை. துறவியர் தனித்து வாழும் அறைக்கு அப்பெயர் வழங்கியது. ஏழு பிரிவுகளில் 693 தனி அறைகள் கொண்டமையால் சிறைக்கு அப்பெயர் வந்தது. 1665-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் தக்கையை உருப்பெருக்கியின் கீழ்க் கண்டு, அதில் தோன்றிய சிறு கண்ணறைகளுக்கு இச்சொல்லைச் சூட்டினார். தொலைபேசி நிறுவனங்கள் நிலப்பரப்பைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்ததனால் நம் சட்டைப் பையில் உள்ள கருவியும் 'செல்' ஆயிற்று. துறவி தானே விரும்பிப் புகுந்த அறை, கைதியைத் தள்ளிப் பூட்டிய அறை, உலகத்தோடு பேசும் கருவி ஆகிய மூன்றும் ஒரே பெயரால் நிற்கின்றன.

கடல் துறைச் சொற்கள்

தீவில் வாழ்வோர் 'ஜெட்டி' என்ற சொல்லின்றி ஒருநாளும் கழிப்பதில்லை. கடலுக்குள் எறியப்பட்டது என்பது இதன் மூலப் பொருள். கல்லும் மண்ணும் மரமும் கடலில் எறிந்து மேடாக்கிக் கட்டியமையால் இப்பெயர் வந்தது.

'வார்ஃபேஜ்', 'டெமரேஜ்' என்னும் இரு சொற்களையும் வணிகத் தோழர்கள் அறிவர். முதலாவது துறைமேடையில் சரக்கு கிடப்பதற்கான கட்டணம். இரண்டாவது, தங்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. குறித்த காலத்திற்கு மேல் கப்பலைத் தங்கவைத்ததற்கான கட்டணம். ரயில் வந்தபோது இவ்விரு கடற்சொற்களும் கரையேறின. சரக்கு வண்டியை நெடுநேரம் நிறுத்தி வைத்தால் டெமரேஜ். இறக்கிய சரக்கை நிலையத்திலேயே போட்டுவைத்தால் வார்ஃபேஜ். கடலையே காணாத ஊரின் நிலையத்திலும் துறைமேடைக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. நம் தீவிலோ கடல் உண்டு, தண்டவாளம் இல்லை. ரயில் முன்பதிவு மட்டும் உண்டு!

'ஐலண்ட்' என்னும் சொல்லைப் பிள்ளைகள் எழுதும்போது நடுவிலுள்ள 'எஸ்' என்ற எழுத்தை மறந்துவிட்டுப் பிழையாக்குவர். உண்மையில் அவ்வெழுத்துக்கு அங்கே பிறப்புரிமை இல்லை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் அவ்வெழுத்தின்றியே வழங்கியது. இலத்தீன் வழிவந்த வேறொரு சொல்லோடு தொடர்புடையதென்று பிற்காலத்துப் புலவர் தவறாகக் கருதியமையால் அவ்வெழுத்து இடையில் நுழைந்தது. ஒலியின்றி வந்தது, ஒலியின்றியே இருக்கிறது. எனினும் இன்று அதனை விட்டு எழுதினால் பிழை என்கிறார்கள். பின்னர் வந்தவரும் நிலைத்துவிட்டால் ஊராராகிவிடுவர் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வேலையும் நிலமும்

இனி, முன்னர் குறிப்பிட்ட பயனைக் கூறுகிறேன். நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில், பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் பேரன் பாட்டனாருடைய பழைய சான்றை எடுத்துப் படித்தான். அதில் அவர் 'டிஸ்சார்ஜ்' செய்யப்பட்டார் என்றும், 'காரக்டர்' நன்று என்றும் எழுதியிருந்தது. பாட்டனார் ஏதோ தவறு செய்து வேலையிலிருந்து துரத்தப்பட்டார் என்று அவன் எண்ணிக்கொண்டான். அதனைக் கேட்ட மருமகளுக்கும் முகம் வாடிவிட்டது. ஆங்கிலம் அறியாத அப்பெரியவர், தம் வாழ்நாள் முழுவதும் பெருமையாகக் காத்துவைத்த தாளிலேயே தமக்கு அவமானம் எழுதப்பட்டிருக்கிறதோ என்று கலங்கினார். இரண்டு நாள் சரியாக உண்ணவும் இல்லை.

'சார்ஜ்' என்பதன் மூலப் பொருள் சுமை. வண்டியில் ஏற்றும் பாரம். 'டிஸ்சார்ஜ்' என்றால் சுமையை இறக்குதல். கப்பல் சரக்கை இறக்குவதற்கும், பீரங்கி வெடிப்பதற்கும், நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கும், தொழிலாளி ஒப்பந்தக் காலம் முடிந்து விடைபெறுவதற்கும் இச்சொல்லே வழங்கும். அவருடைய தாளில் இருந்தது கடைசிப் பொருள். ஒப்பந்தம் முடிந்தது, சுமை இறங்கியது, அவ்வளவே. 'காரக்டர்' என்பதற்கு ஒருவருடைய ஒழுக்கத்தைப் பற்றி எசமானர் எழுதும் நற்சான்று என்ற பழைய பொருளும் உண்டு. துரத்தப்பட்டவனுக்கு அதனை எழுதித் தருவாரில்லை. இவ்வாறு பொருளை எடுத்துரைத்த பின்னரே அப்பெரியவர் முகம் தெளிந்தது. ஒரு சொல்லின் பழம்பொருள் தெரியாமையால் ஒரு மனிதரின் மானமே ஐயத்துக்குள்ளாயிற்று என்றால், இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அன்றென்பது விளங்கும்.

'மஸ்டர் ரோல்' என்ற சொல்லை அறியாத தொழிலாளர் குடும்பம் தீவில் இல்லை. 'மஸ்டர்' என்பதற்குக் காட்டுதல் என்பது மூலப் பொருள். ஆட்களை வரிசையில் நிறுத்திக் காட்டித் தலை எண்ணுவது. 'ரோல்' என்பது சுருள். நம் ஓலைச் சுருளைப்போல மேல்நாட்டார் தோலைச் சுருட்டி எழுதிய காலத்துச் சொல். அன்றாடக் கூலியாக வேலை செய்தவர் இத்தனை ஆண்டு உழைத்தார் என்பதற்கு அச்சுருளில் உள்ள பெயரே சாட்சி. பெயர் காட்டப்படாதவனுக்குக் கூலியும் இல்லை, பின்னர் உரிமையும் இல்லை.

'அலாட்மெண்ட்' என்னும் ஒதுக்கீட்டில் உள்ள 'லாட்' என்பது, யாருக்கு எது என்று தீர்மானிக்கக் குலுக்கிப் போடும் மரத்துண்டு முதலியவற்றைக் குறித்த பழஞ்சொல். பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், உத்திரமேரூரில் ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு எடுத்த குடவோலை முறையை நாம் அறிவோம். இச்சொல்லின் பின்னாலும் அத்தகைய வழக்கமே நிற்கிறது. யாருடைய தயவாலும் அன்றி, முறைப்படி வந்த பங்கு என்பது அதன் உட்கருத்து.

'என்க்ரோச்மெண்ட்' என்பதற்கு நாம் ஆக்கிரமிப்பு என்கிறோம். கொக்கி என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல் இதனுள் இருக்கிறது. கொக்கியிட்டு இழுத்துக்கொள்வது என்பது மூலப்பொருள். கடுமையான சொல். நிலத்தைப் பற்றிய தாளில் இது இருந்தால், எந்த ஆண்டிலிருந்து அங்கே இருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே உயிர்நிலை. 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீவுகளின் வனநிலம் பற்றிப் பிறப்பித்த ஆணையில் 1978-ஆம் ஆண்டே எல்லைக்கோடாக நின்றது. இத்தகைய தாளின் ஓரத்தில் மங்கிய மையிலுள்ள ஓர் ஆண்டு, ஒரு குடும்பத்தின் கூரையைக் காக்கவும் கூடும்.

நம்மிடமிருந்து சென்றவை

ஆங்கிலத்திலிருந்து நாம் பெற்றது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டு. 1886-ஆம் ஆண்டில் ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்னும் இருவர் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அகராதி அச்சேறுமுன் 1882-இல் காலமானார். முகரம் நாட்களில் எழும் 'யா ஹசன், யா ஹுசேன்' என்ற குரலை ஆங்கிலச் சிப்பாய்கள் திரித்துக் கூறியதே நூலின் பெயர்.

அதனுள் 'கானிகோப்போலி' என்றொரு சொல் இருக்கிறது. அது யாதென்று ஆங்கிலேயரைக் கேட்டால் இன்று விழிப்பர். நம் கணக்குப்பிள்ளையே அவர்! 'அனிகட்' என்பது அணைக்கட்டு. கல்லணையை ஆங்கில ஏடுகள் 'கிராண்ட் அனிகட்' என்றே குறிக்கின்றன. 'மல்லிகட்டானி' என்பது மிளகுத்தண்ணீர். 'செரூட்' என்பது சுருட்டு. 'கடமரான்' என்பது கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி 1697-ஆம் ஆண்டு வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இம்மரங்களைப் பற்றி எழுதினார். அந்த டாம்பியர் 1688-ஆம் ஆண்டில் நிக்கோபார்த் தீவொன்றில் இறக்கிவிடப்பட்டு, அங்கிருந்து சிறு ஓடத்திலேறிச் சுமத்திராவின் அச்சின் துறையை அடைந்தவர் என்பது நம் வாசகர்க்குச் சுவையான செய்தியாகும்.

'கூலி' என்னும் சொல்லைப் பற்றி இருவகைக் கருத்துண்டு. குஜராத்தின் கோலி வகுப்பாரின் பெயரென்பர் சிலர். ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச் சொல்லென்பர் சிலர். எவ்வாறாயினும், தமிழிற் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பொருள். ஆங்கிலத்தில் அது உழைக்கும் ஆளையே குறித்து, அதுவும் இழிவாகக் குறிக்கலாயிற்று. நம் முன்னோர் பலருடைய பழைய தாள்களில் தொழில் என்ற இடத்தில் இச்சொல்லே இருக்கும். அதைக் கண்டு நாணத் தேவையில்லை. சொல்லை இழிவாக்கியது அதனைப் பிறர்மேல் வீசியவர் வாயே. உழைத்தவர் கை அன்று.

பொருள் காணும் முறை

பழைய தாளைப் படிக்க விரும்புவோர் முதலில் அதன் ஆண்டைப் பார்க்க வேண்டும். பின்னர் அதனை எழுதிய அலுவலகம் யாதென்று பார்க்க வேண்டும். சிறையும் துறைமுகமும் ரயிலும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் வழங்கும். அடுத்து, சொற்களின் வரலாற்றைக் கூறும் அகராதியை நாட வேண்டும். 1884-இல் முதற்பகுதி வெளிவந்து 1928-இல் நிறைவுற்ற ஆக்ஸ்போர்டுப் பேரகராதி, எந்தப் பொருள் எந்த ஆண்டில் வழங்கியது என்பதை மேற்கோளுடன் காட்டும். அதற்குப் பல்லாயிரம் மேற்கோள்களை அனுப்பி உதவியவருள் ஒருவரான வில்லியம் மைனர், கொலை வழக்கில் சிக்கிப் பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர். அடைபட்ட அறையிலிருந்தும் சொல்லுக்குப் பணி செய்ய முடிந்தது. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் உண்டு. இவற்றை வாங்க இயலாதவர்க்கு நூலகமும், இன்று கைப்பேசியும் துணை செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர்கள் மாறுகின்றன. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகளுக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் என்றாயிற்று. புதுப்பெயரை வழங்குவோம். ஆனால் பழைய பெயர் எழுதிய தாள் செல்லாதென்று எண்ணி எவரும் கிழித்தெறியலாகாது. வழக்கொழிந்த சொல் இருப்பதனாலேயே அதன் பழமைக்கு அச்சொல் சான்றாகும்.

ஆதலின் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தாள்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து ஒருமுறை வாசியுங்கள். விளங்காத சொல்லொன்று தென்பட்டால் அதனையும், தாளின் ஆண்டையும், அது எந்த வேலைக்காக எழுதப்பட்டதென்பதையும் ஒரு காகிதத்திற் குறித்து வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையையும் அதனடியில் தமிழில் எழுதுங்கள். அகராதி சொல்லுக்குப் பொருள் கூறும். அச்சொல் நம் குடும்பத்தில் என்ன செய்தது என்பதை நீங்களே கூற முடியும். அதனைக் கேட்டறிந்த பேரன் நாளைக்குத் தன் பாட்டனாரின் தாளை எந்த அலுவலகத்திற் கொடுத்தாலும், தலை நிமிர்ந்து கொடுப்பான்.